நீலம் போன விதம்

உப்புவெளிச் சாயக்கொட்டிலின் கழிவுத் தொட்டியில் நின்ற நீலம் சரியாக நான்கு மணித்தியாலமும் இருபது நிமிஷமும் எடுத்து இல்லாமல் போனது. அது 1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை. காலை ஒன்பது பத்துக்குத் தொட்டி நீலமாக இருந்தது. பகல் ஒன்றரைக்கு அதன் அடியில் கிடந்த ஓட்டை வாளி தெரிந்தது. அன்று சந்தையில் சூரைமீன் மலிவு. இரண்டையும் ஊர் ஒரே மாதிரித்தான் கதைத்தது.

கொட்டிலில் பதினொரு பெண்கள் கைத்தறிச் சாரத்துக்கு நூல் தோய்த்தார்கள். ஒன்பது பேரின் வீட்டில் உழைக்க ஆண் இல்லை. ஏன் இல்லை என்று அந்த வருஷங்களில் ஒருவரும் கேட்பதில்லை. நூல் அலசிய தண்ணீர் தொட்டியிலிருந்து மண்ணுக்குள் கசிந்து அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போனது. அது துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற இராசநாயகத்தின் கிணறு. அவருடைய குசினியில் இடியப்பம் வானத்தின் நிறத்தில் அவிந்தது. பசு இளநீலமாகப் பால் தந்தது. எட்டு மாதம் அதைத் தேநீரில் விட்டுக் குடித்துப் பொறுத்தவர், வேட்டி விமானப்படைச் சேர்ட்டின் நிறத்துக்கு வந்தபோது சோதனைச் சாவடியில் பிரச்சினை வருமென்று பயந்து அரசாங்கக் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதினார். மார்ச் முடிவதற்குள் தண்ணீர் தெளியாவிட்டால் கொட்டிலுக்குப் பூட்டு என்று பதில் வந்தது.

கொட்டிலை நடத்திய குணேஸ்வரியக்கா அதற்காகவே பூரணியை வேலைக்கு எடுத்தார். பூரணி இரசாயனவியல் பட்டதாரி, இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு. வாய்மொழிப் பரீட்சையில் பெயரைக் கேட்டபோதே யோசித்துப் பதில் சொன்னதால்தான் கீழ்ப்பிரிவு என்பது அவளுடைய சொந்தக் கணிப்பு. அவளிடம் இருந்த ஒரே சொத்து பேராசிரியர் தந்த ஐம்பது கிராம் வெள்ளைத் தூள். தைத்தானியம் ஈரொட்சைட்டு. தண்ணீரில் கலந்து வெயிலில் விட்டால் ஒளியை வாங்கிச் சாயத்தை உடைக்கும். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் அதன் துகள் மூவாயிரம் வரிசையாக நிற்கும் என்று பூரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கினாள்.

"நிக்கட்டும்," என்றார் குணேஸ்வரியக்கா. "வேலை செய்யுமோ?"

"ஓம்."

அந்த வாரம் பூரணி செய்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

வெள்ளைத் தூள் எதையும் சாவடியால் கொண்டுபோக ஏலாது என்பதால் அவள் அதை முகப்பவுடர் டின்னில் போட்டாள். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே கெட்டித்தனம் என்று அதைப் பற்றி இரண்டு நிமிஷம் பெருமைப்பட்டாள். சாவடியில் நின்ற பெண் சிப்பாய் டின்னைத் திறந்து மணந்து பார்த்தாள். வாசம் இல்லை. "பூசுங்க," என்றாள். நாற்பது பேர் வரிசையில் பார்த்துக்கொண்டு நிற்கப் பூரணி பூசினாள். மறுநாள் டின்னைக் கொண்டுபோகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சாவடியில் முதல்நாள் செய்ததை மறுநாள் செய்யாவிட்டால் அதுதான் சந்தேகம். எப்போதும் விசிலடித்தபடி போகும் தபால்காரர் ஆனந்தராசா ஒருநாள் ஏதோ யோசனையில் வாயை மூடிக்கொண்டு போக, மூன்று மணித்தியாலம் மறித்து வைத்திருந்தார்கள். ஆகவே பூரணி நாள்தோறும் போகும்போது ஒருதரமும் வரும்போது ஒருதரமும் பூசினாள். ஏறிய வெள்ளை சவர்க்காரத்துக்குப் போகவில்லை. பிள்ளைக்கு நிறம் வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்காத புளுகம்.

அதோடு விட்டிருந்தாலும் காரியம் நடந்திருக்கும். பூரணியோ தூளை நிறுக்க இரசாயனத் தராசு வேண்டும் என்று நின்றாள். கொட்டிலில் இருந்த நூல் தராசின் முள் ஐம்பது கிராமுக்கு அசையாது. விஞ்ஞானத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நினைத்தாள். கொழும்பிலிருந்து தராசு வர அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. கடிதமும் தராசும் பத்தொன்பது நாள் கழித்துத்தான் வந்தன. அடுத்த நாள் காலை அவள் இரண்டு கையிலும் தராசையும் டின்னையும் பிடித்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள். பதினொரு பெண்களும் தள்ளி நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டி டின்னைத் திறந்தாள், வெகுநேரம் உள்ளே பார்த்தாள், மூடினாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றரைக்கு நீலம் போனது.

"எவ்வளவு பிள்ளை போட்டனீர்? ஒரு கரண்டி வருமோ?" என்று கேட்டார் குணேஸ்வரியக்கா.

பூரணி தலையாட்டினாள்.

அந்தக் காலத்தில் தலையாட்டுவது சின்ன விஷயம் அல்ல. இராணுவச் சுற்றிவளைப்பில் சாக்கால் முகம் மூடிய ஒருவன் ஒருவரைப் பார்த்துத் தலையாட்டினால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். பூரணி அதை அறிந்தவள், என்றாலும் ஆட்டினாள். வாயைத் திறப்பதைவிட அது சுகமாக இருந்தது.

கந்தோரிலிருந்து வந்தவர் தொட்டியைப் பார்த்து, வாளியை எடுத்துவிடும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொட்டில் பூட்டப்படவில்லை. இராசநாயகத்தின் இடியப்பம் வெள்ளையானது. ருசி குறைந்துவிட்டது என்று அவர் இன்னொரு பெட்டிசம் எழுதினார். பூரணி தினமும் தொட்டியடியில் இருந்தாள், தண்ணீர் தினமும் தெளிந்தது. தண்ணீர் மட்டும் அல்ல. எதிரே இருந்து நூல் சிக்கெடுத்த குணேஸ்வரியக்காவின் சேலை முன்பக்கம் மட்டும் வெளுத்தது. கொட்டிலின் பெயர்ப்பலகை எழுத்து இல்லாமல் நின்றது. தூள் காற்றில் பறக்கிறது என்று ஊர் சொன்னது. பூரணி அதற்கும் தலையாட்டினாள்.

ஏப்ரலில் நிலாவெளியிலிருந்து வீரசிங்கம் என்பவர் அவளைப் பெண் பார்க்கக் கோயிலுக்கு வந்தார். வயது முப்பத்திநாலு என்று சொல்லப்பட்டது. பார்க்கத் தொடங்கும்போதே சுற்றிவளைப்பு வந்து, எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு இருபது வரை அவர் பூரணிக்கு நேரெதிரே இருந்தார். விட்டபோது அவருடைய தலையும் மீசையும் பஞ்சுபோல இருந்தன. "தம்பிக்குப் பயத்தில நரைச்சிட்டுது," என்றார் அவருடைய தமக்கை. பூரணியின் அம்மா குடையை விரித்தார். பூரணிக்கு அவரை நரைக்கமுன்னும் பிடித்திருந்தது, நரைத்தபிறகும் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பஸ் ஏறிப் போனார்.

ஜூன் மாதம் தோப்பூரிலிருந்து ஜெஸீமா என்ற பெண் மூதூருக்கு வந்து, அங்கிருந்து லோஞ்ச் படகு ஏறிக் கொட்டிலுக்கு வந்தார். பன்புல்லில் பாய் இழைத்து விற்பவர். பன்னுக்குப் போட்ட சிவப்புச் சாயம் அவருடைய கிணற்றில் இறங்கிவிட்டது. சோறு சிவப்பு. அவருடைய மூத்த மகள் தண்ணீருக்காக இராணுவ முகாம் வாசலைத் தாண்டி வயல் கிணற்றுக்குப் போய் வந்தாள், போனால் வரும்வரைக்கும் ஜெஸீமாவுக்கு மூச்சு இல்லை. "ஒரு கிள்ளுத் தந்தாப் போதும் தங்கச்சி," என்று ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை நீட்டினார். குணேஸ்வரியக்கா பக்கத்தில் நின்றார். பூரணி அவசரமாகப் போய் மூலைக்கடையில் வாசனைப் பவுடர் வாங்கிப் போத்தலில் கொட்டிக் கொடுத்தாள். தன்னைப் பற்றி அவள் வைத்திருந்த கணிப்புகளில் அன்றுதான் கீழ்ப்பிரிவும் அதிகம் என்று பட்டது.

மூன்று கிழமையில் ஜெஸீமா திரும்பி வந்தார். கிணறு வாசமாக இருந்தது, சிவப்பாகவும் இருந்தது. பூரணி இன்னொரு போத்தல் கொடுத்தாள். ஓகஸ்டில் மூன்றாம் தரம் வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். வந்தவரின் சிவப்புத் தலைச்சீலையை வெயில் தொட்டதும் பூரணி முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

"நான்தான் பிழையாப் போடுறன் புள்ள," என்றார் ஜெஸீமா. "படிக்காதவ. நேத்து மகளை முகாம் வாசலில மறிச்சிட்டாங்க. பொழுதுபடத்தான் விட்டாங்க. எப்படிப் போடுறதெண்டு இந்தத்தரம் வடிவாச் சொல்லித் தாங்க. காலையில போடுறதா, கலக்கிப் போடுறதா?"

பதினொரு பெண்களும் நூலை அலசுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குணேஸ்வரியக்கா பாதி வெளுத்த சேலையோடு வாசலில் நின்றார். தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கவில்லை. பூரணி எழும்பினாள், திரும்ப இருந்தாள்.

"தொட்டிக்குள்ள நான் ஒண்டும் போடேல்லை அக்கா," என்றாள். "தூளெல்லாம் சாவடியில என்ர முகத்தோட முடிஞ்சுபோச்சு. டின் வெறும் டின். உங்களுக்குத் தந்தது கடைப் பவுடர். வெட்கத்தில எழும்பிப் போக ஏலாமல் தண்ணிக்குப் பக்கத்தில வெயிலில சும்மா இருந்தனான், அதுதான் தெளிஞ்சது. நாளைக்கு முதல் லோஞ்சில நான் வாறன். கிணத்தடியில ஒரு கதிரை போட்டால் காணும்."

ஜெஸீமா நிலத்திலிருந்து எழும்பினார்.

"கதிரை இல்ல புள்ள," என்றார். "பாய் போடுறன். சாயம் போடாத பாய்."