ஆளில்லாத அறையில் விளக்கு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. வார இதழொன்று வீட்டுச் சிக்கனத்துக்குப் பத்துக் குறிப்புகள் கேட்டது. பழம்பாடல்களுக்கு உரை வரைந்து பழகிய கைக்கு அது புதிது. கீழ்த்தளத்துத் தையற்காரரையும் அவர் மனைவியையும் பார்த்தே எழுதினேன்.

முதற்குறிப்பு: ஆளில்லாத அறையில் விளக்கு எரியலாகாது. தையற்காரர் வாசலைத் தாண்டுமுன் அவர் கை தானாகவே சுவிட்சைத் தேடிப் போகும்.

2

[நான் அடித்துவிட்ட தொடக்கம்: "ஈருடல் ஓருயிரென வாழ்ந்த அவ்விருவரும்..." பொய். நாள்தோறும் சண்டைதான்.]

தையற்காரர் சோப்பை நூலால் இரண்டாக அறுப்பார். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழிப்பார்.

"பேஸ்ட்டுக்குப் போஸ்ட்மார்ட்டமா பண்றீங்க?"

"உள்ள இன்னும் நாலு நாள் இருக்குடி!"

3

எட்டாம் குறிப்பில் கட்டுரை முறிந்தது.

தையற்காரர் மனைவியான அந்த அம்மையாருக்கு இரத்த அழுத்தம். ஒருநாள் தம் மாத்திரையொன்றை வெட்டுமேசையில் வைத்தார்.

"நடுவுல கோடு போட்டிருக்கே, எதுக்குங்க?"

முப்பதாண்டுகளாகத் துணியில் சுண்ணக்கோடு கண்ட இடத்தில் வெட்டியவர் அவர்.

"கோடு போட்டா வெட்டத்தானே?"

துகள் சிந்தாமல் வெட்டினார். அன்றுமுதல் நாளுக்கு அரை மாத்திரை; ஒரு மாதத்து அட்டை இரண்டு மாதம் வந்தது.

[அவரை மூடராகக் காட்ட இருமுறை முயன்றேன், இயலவில்லை. மாடிப்படியில் அவர் இதைப் பெருமையாகச் சொன்னபோது, "அருமை" என்று குறித்துக்கொண்டவன் நான்.]

4

ஐந்தாம் மாதம் அம்மையார் சமையலறையில் சரிந்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?" என்று தையற்காரரைக் கேட்டார் மருத்துவர்.

"ஒரு நாள் தவறினதில்லீங்க, டாக்டரம்மா. பாதி பாதியா..."

எழுதிக்கொண்டிருந்த மருத்துவரின் கை நின்றது. "யாரு பாதியாக்கச் சொன்னது?"

"கோடு இருந்துதுங்க."

5

முடிவு ஒன்று: அம்மையார் கண்விழித்து, "ஃபேன் எதுக்கு ஓடுது, இங்க யாருக்கு வேர்க்குது?" என்கிறார். [நீக்கிவிட்டேன். அது என் ஆறுதலுக்காக நான் எழுதிக்கொண்டது.]

முடிவு இரண்டு: "அன்று பொழுது புலருமுன் அம்மையார்..." [மேலே எழுத இயலவில்லை.]

இறைவனை நோக்கினேன். ஆயிரம் துதிப்பாடல்கள் மனப்பாடம். ஓரடியும் நாவில் எழவில்லை.

ஆகவே எழுத முடிந்தது இவ்வளவே. மருத்துவமனையில் அம்மையார் கிடந்த சிறு அறையிலிருந்து தையற்காரர் வெளியே வருகிறார். வாசலைத் தாண்டுமுன் கை, பழக்கத்தால், சுவிட்சின்மேல் போய் நிற்கிறது. அறையில் ஆள் இருக்கிறாரா, இல்லையா? தெரியவேண்டுமானால் அவர் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

அவர் திரும்பவில்லை. விரலையும் எடுக்கவில்லை. என்னால் அந்தக் கட்டிலைப் பார்க்க இயலாது, வாசகரே. நீங்கள் பாருங்கள்.