ஒற்றை ரவைத் துவக்கு

அருமைநாதனுக்கு முயல் இறைச்சி பிடிக்காமல் போனது, அம்புறோஸ் முயல் கொண்டுவரத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்பு சட்டியை வழித்துத் தின்கிற மனிதர்.

அம்புறோஸ் அவருடைய மனைவி றெஜினாவின் மாமா மகன். மன்னாரில் இருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி, பிறகு அது தட்டிப்போனது. இப்போது அவன் பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர்தேசத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரின் பல்கலைக்கழகப் பண்ணையில் மாடு பார்க்கிறான். இன்னும் கல்யாணம் செய்யவில்லை. அதுவே அருமைநாதனுக்கு ஒரு குத்தல். குளிர் தொடங்கினால் துவக்கைத் தூக்கிக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போவான், ஞாயிறு பூசைக்குப் பிறகு முயலோடு வாசலில் வந்து நிற்பான். "எப்பிடி மச்சான் சுட்டனீங்கள்?" என்று றெஜினா கண்ணை விரித்துக் கதை கேட்பாள். புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற புருசனிடம் அவள் ஒருநாளாவது அப்படிக் கேட்டதுண்டா? பெட்டியை எப்படி அடுக்கினீர்கள் என்று எந்தப் பெண்சாதிதான் கேட்பாள்? அந்த நியாயம் அருமைநாதனுக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடு அவரும் ஒரு துவக்கு வாங்கத் தீர்மானித்தார். வகுப்புக்குப் போனார், சோதனை பாஸ் பண்ணினார், லைசென்சுக்கு விண்ணப்பித்தார். நன்றாகப் பழகிய இரண்டு பேர் அவரை நல்ல மனிதர் என்று சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். ஒருவர் பங்குச் சுவாமியார். மற்றவராக றெஜினா அம்புறோஸைச் சொன்னாள். வேண்டாம் என்பதற்கு அவரிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை. அம்புறோஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தான். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

லைசென்ஸ் வந்த சனிக்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனார்கள். சுவர் நீளத்துக்குத் துவக்குகள் நின்றன. அருமைநாதனுக்கு வேண்டியது சின்ன ரவை போடுகிற இருபத்திரண்டு ரகம். ரவை மலிவு, தோளில் பெரிதாக உதைக்காது. அதிலும் பல சாதி இருந்தது. அவர் கண் போனது, விசையை இழுக்க இழுக்க அடுத்த ரவை தானாக ஏறுகிற துவக்கில். பத்து ரவை கொள்ளும். அம்புறோஸினுடையது ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளுகிற பழசு, ஐந்துதான் கொள்ளும். இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது?

"அண்ணை, அது உங்களுக்கு வேண்டாம்," என்றான் அம்புறோஸ். "தகரப் பேணியை வைச்சுச் சுடுறதுக்கும் முயலுக்கும் இந்த ஒற்றை ரவைத் துவக்குக் காணும். ஒண்டைப் போட்டுச் சுட்டு, திறந்து, பேந்துதான் மற்றதைப் போடலாம். விலையும் குறைவு. புதுசாப் பழகிற ஆளுக்கு இதுதான் நல்லது."

தனக்கு ஐந்து, எனக்கு ஒன்று. எரிச்சல் அருமைநாதனின் காது வரைக்கும் ஏறியது.

"நான் மற்ற ரவையைப் போடுமட்டும் முயல் பாத்துக்கொண்டு நிக்குமோ?"

"பத்து இருந்தாலும் அது நிக்காது, அண்ணை."

றெஜினா சிரித்தாள். அவன் என்ன சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புத்தான். போதாக்குறைக்கு அவன் அந்த ஒற்றை ரவைத் துவக்கை அவள் கையில் கொடுத்து, "தோளிலை வைச்சுப் பார், பாரமே இல்லை," என்று முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டான். தன் கையிலிருந்த துவக்கை அருமைநாதன் இறுக்கிப் பிடித்தார். "இதைத்தான் எடுக்கிறன்," என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே கடைக்காரனுக்குப் பிரெஞ்சில் சொன்னார். கடைக்காரன் விலைத்துண்டு எழுத உட்கார்ந்தான். அம்புறோஸ் உடுப்புத் தொங்கும் பக்கம் போனான்.

றெஜினா குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சேருங்கோ. லைசென்ஸ் குடுக்கிற இடத்திலை இருந்து எனக்கு ஒரு பொம்பிளை ரெலிபோன் எடுத்தவ. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"என்னவாம்?"

"உனக்கு அவரிலை பயமோ எண்டு கேட்டவ. இல்லை எண்டன். அது உண்மை."

"பேந்தென்ன?"

"வேறை ஆரும் அவருக்குப் பயப்பட வேண்டி வருமோ எண்டும் கேட்டவ." அவள் தன் கையிலிருந்த ஒற்றை ரவைத் துவக்கை மெதுவாக மேசையில் வைத்தாள். "அதுக்கும் இல்லை எண்டுதான் சொன்னன். ஆனா உடனை சொல்லேல்லை. மச்சானுக்கும் எடுத்துக் கேட்டவையாம்."

"அவன் என்ன சொன்னவன்?"

"நல்ல மனுசன், நான் அவரோடை ஒண்டாக் காட்டுக்குப் போவன் எண்டு சொன்னவராம்."

அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை என்று சொல்ல அருமைநாதன் வாயைத் திறந்தார். பார்வை கையிலிருந்த பத்து ரவைத் துவக்கில் போய் நின்றது.

அம்புறோஸ் திரும்பி வந்தான். வேட்டைக்காரர் ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடாமலிருக்கப் போடுகிற செம்மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டியிருந்தான். அவனிடம் ஏற்கெனவே ஒன்று உண்டு. இது அதைவிடப் பளிச்சென்றது. தலையிலும் அதே நிறத்தில் ஒரு தொப்பி.

"அண்ணை," என்றான், "தூரத்திலை நிண்டு பாத்தா நான் வடிவாத் தெரிவனோ?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"தெரிவாய்," என்றார் அருமைநாதன். பத்து ரவைத் துவக்கைத் திருப்பி வைத்துவிட்டு, றெஜினா மேசையில் வைத்ததைக் கடைக்காரன் பக்கம் தள்ளினார்.