நீரைப் பொறுத்து

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவில் சுகுமாறன் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பள்ளிக்கூடத்தின் முகவரியும் அவர் வீட்டு முகவரியும் ஒன்றுதான். தலைமையாசிரியர் அவரே, மற்ற ஆசிரியர்களும் அவரே. மாணவர் தொகை ஒன்று: ஒன்பது வயது மகள் பிரவீனா. சென்ற விளையாட்டு நாளில் ஓட்டப்பந்தயத்தில் அவள்தான் முதலிடம். இரண்டாம் இடத்துக்கு யாரும் தகுதி பெறவில்லை.

பள்ளிக்கூடம் பிள்ளைகளின் ஆர்வத்தைக் கொன்றுவிடுகிறது என்பது சுகுமாறனின் கொள்கை. அதனால்தான் மகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து நிறுத்தினார். நிறுத்திய மறுவாரமே காலை ஏழரைக்கு வரவேற்பறையில் பள்ளிச் சபை கூடியது. வருகைப் பதிவேடு வந்தது, சீருடை வந்தது, ரப்பர் முத்திரையும் விசிலும் வந்தன. பிரவீனாவின் பழைய பள்ளியில் இல்லாத ஒரு சாதனத்தையும் அவர் வாங்கினார்: லேமினேட் செய்யும் இயந்திரம்.

மனைவி பிரேமலா சிங்கப்பூரில் மருத்துவமனைத் தாதி. விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டுப் பாலம் கடந்து போகிறவள். அவளுக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. மெர்சிங் கடற்கரையில் காலை நீட்டிப் படுக்கலாம் என்றாள். சுகுமாறன் அதற்கு 'கடல்சார் கல்விச் சுற்றுலா' என்று பெயர் வைத்துக் கால அட்டவணை போட்டார். அதைப் படித்துவிட்டு அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"ஏங்க, இவ முன்னெல்லாம் எப்படிக் கேள்வி கேப்பா? பல்லி ஏன் கீழ விழல, உங்க தலையில ஏன் நடுவுல மட்டும் முடி இல்லன்னு. ஒரு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்காளா?"

"எல்லாமே தெளிவா புரியுது. அப்புறம் கேள்வி எங்கேருந்து வரும்?"

"சரி. இந்த மூணு நாள்ல தானா உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். கேட்டா உங்க பள்ளிக்கூடம் நடக்கட்டும். இல்லன்னா ஜனவரில பழைய ஸ்கூல்லயே சேர்த்துருவேன். எப்ப சாப்பாடு, டாய்லெட் எங்க, இதெல்லாம் சேராது."

சுகுமாறன் சிரித்தார். மூன்று நாளில் முப்பது கேள்வி வரும் என்றார்.

கூடவே இன்னொரு வீட்டுக்கல்விக் குடும்பமும் வந்தது. கமலநாதன், மனைவி மலர், பத்து வயது மகன் செல்வா. கமலநாதனின் கொள்கை வேறு. பிள்ளைக்கு எதையும் சொல்லித் தரக்கூடாது, வாழ்க்கையே பாடம். அதன்படி செல்வா பெரும்பாலும் தூங்கினான். எழுப்பப் போனால் கமலநாதன் தடுப்பார். "வேணாம் லா, கத்துக்கிட்டு இருக்கான்."

முதல் இரண்டு நாளும் சுகுமாறன் கேள்விக்காகக் கடுமையாக உழைத்தார். பிரவீனா நண்டு வளையருகே குனிந்தால் போதும், விசில் ஊதிக்கொண்டு ஓடி வருவார். "இது என்ன? யார் தோண்டினது? ஏன் இத்தனை உருண்டை மண்ணு?" என்பார். அவள் வாயைத் திறக்குமுன் மூன்றுக்கும் பதிலும் சொல்லிவிடுவார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வளைக்குப் போவாள். இரண்டாம் நாள் மாலை பிரேமலா மணலில் படுத்தபடி கேட்டாள்.

"எத்தனை ஆச்சு?"

"நாளைக்குத் தீவு இருக்குல்ல," என்றார் சுகுமாறன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் அட்டவணை அவருக்கே மிகவும் பிடித்தது. 9.00: பெசார் தீவுக்குப் படகு. 9.05: படகில் மௌன வாசிப்பு. பிற்பகல் 3.00: 'ஓதம். கடல் ஏன் ஏறுகிறது, ஏன் வற்றுகிறது? விளக்குபவர்: தலைமையாசிரியர்.'

எட்டே முக்காலுக்குப் படகு ஏறும் ஜெட்டிக்கு வந்தார்கள். படகு இருந்தது, கடல்தான் இல்லை. ஆற்றுவாயில் சேறு பளபளத்தது. இரண்டு மீன்பிடிப் படகுகள் அதில் சாய்ந்து படுத்திருந்தன, செல்வாவைப் போல.

"ஆயர் சுருட், என்சிக்," என்றான் டிக்கெட் கவுண்டரில் இருந்த இளைஞன். தண்ணீர் வற்றியிருக்கிறதாம். பன்னிரண்டுக்கு மேல்தான் படகு.

சுகுமாறன் தன் அட்டவணையைக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, ஒன்பது மணி என்பதைத் தட்டிக் காட்டினார். தென்சீனக் கடல் அதைப் படித்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். இளைஞன் பொறுமையாக அவருடைய டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினான். ஒன்பது மணி என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் மலாயில் எழுதியிருந்தது: நீரைப் பொறுத்து.

அந்த வரியை அட்டவணையில் அவர் சேர்க்கவில்லை. வரி நீண்டு அழகு கெடும் என்று விட்டுவிட்டார்.

கமலநாதன் எட்டிப் பார்த்தார். "அலமாக்! மச்சான், மூணு மணிப் பாடம் காலையிலேயே வந்துருச்சே! பாடத்துக்கு உன் டைம்டேபிள் தெரியல போல."

"நீ பேசாத. உன் பையன் டிக்கெட்டு மேலயே தூங்குறான்."

பிரேமலாவுக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. பக்கத்தில் ரம்ஜான் பீவியின் சாப்பாட்டுக்கடை. மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் சொன்னாள். மூன்று மணி நேரம் யாரும் அவளை எங்கும் போகச் சொல்ல மாட்டார்கள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பிரவீனா படியில் இறங்கி நின்று ஜெட்டித் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலேயும் ஈரக்கறை, சிப்பி ஒட்டியிருந்தது. அவள் திரும்பினாள். சுகுமாறன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அவரைத் தாண்டிக் கடைக்குள் போனாள்.

"ஆன்டி, அந்த உயரத்துக்கா தண்ணி வரும்?"

"வரும் கண்ணு. சில நாளு மேல்படி வரைக்கும் ஏறிரும்."

"நேத்தும் இதே நேரத்துக்கா வத்துச்சு?"

"இல்லயே, நேத்து இன்னும் சீக்கிரம். படகு கெடைக்காத கூட்டம் அப்பவே கடைக்கு வந்துருச்சு."

"ஏன் தினமும் தள்ளிப் போவுது?"

சுகுமாறன் எழுந்தார், வாயைத் திறந்தார். பிரேமலா அதில் ஒரு துண்டு ரொட்டியை வைத்தாள்.

"கேட்டுட்டாளே!" என்றார் ரொட்டியோடு. "மூணு கேள்வி!"

"உங்ககிட்டயா கேட்டா?"

ரம்ஜான் பீவிக்கு இந்தப் போட்டி விவரம் தெரியாது. மாவு உருட்டியபடியே கேட்டார். "ஏம்மா, அதோ உன் அத்தா சும்மாதானே உக்காந்திருக்காரு. அவரக் கேக்கலாமே?"

"அப்பாகிட்ட கேட்டா வொர்க்ஷீட் வரும் ஆன்டி," என்றாள் பிரவீனா, மழை வரும் என்று சொல்வதைப் போல. "நத்தைக்குக் காது இருக்கான்னு கேட்டேன். நாலு பக்கம் வந்துச்சு. கலர் வேற அடிக்கணும்."

கமலநாதன்கூடச் சிரிக்கவில்லை. சுகுமாறன் ரொட்டியை மென்று விழுங்கினார். பிறகு ஜெட்டிப் படிக்குப் போனார். படி ஈரமாக இருந்தது. அட்டவணையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். லேமினேட் செய்தது அதற்காவது உதவியது. பத்து மணி ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. அவர் விசில் ஊதவில்லை. ஒரு வருடத்தில் அவர் தொடர்ந்து பேசாமல் இருந்தது அன்றுதான். நீர் ஓசையில்லாமல் சேற்றின் மேல் வரத் தொடங்கியிருந்தது.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். பிரவீனா.

"அப்பா, தண்ணி வத்துனா படகு போகாதுன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

சுகுமாறனிடம் பதில் இருந்தது. நிலவு, ஈர்ப்பு, படகு நிறுவனத்தின் அலட்சியம் என்று மூன்று தலைப்பில் இருந்தது. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாது."

"வொர்க்ஷீட்?"

"இல்ல."

அவள் அவருடைய இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள், பொறி இருக்கிறதா என்று சோதிப்பதைப் போல. "அப்ப இங்கேருந்து போன தண்ணி இவ்ளோ நேரம் எங்க இருந்துச்சு?"

நிலவு இழுக்கிறது என்பது சுகுமாறனுக்குத் தெரியும். படம் போட்டு அம்புக்குறியும் வைத்திருந்தார். ஆனால் இந்த ஆற்றுவாய்த் தண்ணீர் குறிப்பாக எங்கே போய் நின்றது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"அதுவும் தெரியலயே, பாப்பா."

"ரெண்டும் தெரியாதா?" அவளுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, அந்தப் படகு அங்கிளக் கேப்போம். நீங்க கேளுங்க, உங்களுக்குத்தானே தெரியல."

தலைமையாசிரியர் எழுந்து போனார். மின்விசிறியின் கீழிருந்து பிரேமலா கத்தினாள்.

"ஏங்க! ரெண்டு கேள்வி! ஜனவரி கேன்சல்!" பிறகு இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டுச் சேர்த்துச் சொன்னாள். "ஆனா அந்த லேமினேட் மிஷின யாருக்காச்சும் கொடுத்துருங்க!"

"எங்களுக்கு வேணாம்!" என்றார் கமலநாதன் அவசரமாக.

படியில் கிடந்த அட்டவணையின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. ஒன்பது மணிப் படகு பன்னிரண்டு இருபதுக்குப் புறப்பட்டது. செல்வாவைக் கமலநாதன் தூக்கிக்கொண்டு ஏறினார்.