வெறும் தட்டு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரபணு சேர்க்காத செல்கள் உள்ள தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும், சேர்த்ததை அப்புறம். அதற்கு வெறும் தட்டு என்று பெயர். அதில் ஒளி இல்லை என்று தெரிந்தால்தான் மற்றதில் தெரிகிற ஒளிக்கு மதிப்பு. புதிதாகச் சேருகிறவர்களின் மண்டையில் இதை ஏற்றுவதே என் வேலை.

நேற்று நானே அதை மறந்தேன். தட்டில் இருந்தவை என் அக்கா மகளின் தொடையிலிருந்து எடுத்த தசைச் செல்கள். ஓடித் திரிந்த காலத்தில் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தவள் நான்தான். இப்போது தசை கரைகிற நோய், மாடிப்படி ஏற முடியாது. அவளிடம் இல்லாத மரபணுவையும், உள்ளே போனால் பச்சையாக ஒளிரும் இன்னொன்றையும் கொழுப்பில் பொதிந்து செல்களுக்கு ஊட்டியிருந்தோம். வெளி டி.என்.ஏ. என்றாலே இந்தச் செல்களுக்கு வேப்பங்காய். எத்தனையோ முறை முயன்றும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேற்று பச்சையைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். ஃபோனில் மட்டும் விரல் தாராளமாக நுழைகிறது.

இன்று காலையில்தான் வெறும் தட்டைப் பார்த்தேன். அதிலும் அதே பச்சை. உயிர் விடுகிற செல்கள் தாமாகவே மங்கலாக மினுங்கும், எனக்குத் தெரியாததில்லை. மரபணு ஒரு செல்லுக்குள்ளும் போகவில்லை.

அதற்குள் அக்கா கிளம்பி வந்துவிட்டாள். கண்ணால் பார்க்க வேண்டுமாம். மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்து இரண்டு தட்டையும் காட்டினேன், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வெகுநேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப மினுங்குறது எது?"

"செத்துக்கிட்டு இருக்கற செல்லு, அக்கா."

திட்டியிருந்தால் தேவலை. சின்ன வயதிலிருந்து என் ஒவ்வொரு முட்டாள்தனத்துக்கும் தலையில் குட்டியவள், இன்று கையை மடியிலேயே வைத்திருந்தாள். அந்தப் படத்தை வாலு தன் ஃபோன் முகப்பில் வைத்திருக்கிறாளாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் செல்லு என்று காட்டுகிறாளாம்.

"நீ அனுப்புனது. நீயே சொல்லு. என்னால ஆகாது," என்று என் ஃபோனை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சித்தி, இன்னிக்கு இன்னும் ஜாஸ்தியா மினுங்குதா?"