ஏழாவது அடுக்குத் தார்

1

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை கிலோ தோசை மாவு வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. (இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.)

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி கேட்டுக்குள் நுழைந்ததும் இடதுபக்கம், தரைத்தளத்தில் மாரிசெல்வியின் மாவுக் கடை. அன்று கடை வாசலில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காஸ் குழாய் பதிக்கத் தோண்டிப் பாதி மூடிய பள்ளத்தில் இரும்பு ஸ்கேலைச் செருகி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளத்தின் விளிம்பில், பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் தார்.

"ஆறு" என்றார், என்னைப் பார்க்காமலே. "ஆறு தடவ போட்டிருக்கான். ஒருத்தனும் பழச எடுக்கல."

அவர் பெயர் வானமாமலை. நாங்குநேரிக்காரர், தாராவியில் இருக்கிறார். பதினெட்டு வருடம் யார் யாருடைய ரோலருக்கோ பின்னால் நடந்துவிட்டு, இந்த வருடம்தான் தன் பெயரில் வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறார். குடியிருப்பு, கடை, சின்னக் கம்பெனி எதுவானாலும் வாசலில் வண்டி நிற்கிற இடத்துக்குத் தார் போட்டுத் தருவார். விரிசல் விட்டால் மழைக்கு முன்னால் வந்து அடைத்தும் தருவார். எங்கள் காம்பவுண்டில் ஏழாவது அடுக்கைப் போட வந்திருந்தார்.

கடை கட்டிய புதிதில் ஒரு படி ஏறிப் போக வேண்டுமாம். பிறகு சமதளமாயிற்று. இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். கடை அங்கேயேதான் இருக்கிறது, காம்பவுண்டு வளர்ந்துவிட்டது. உள்ளே இரண்டு கிரைண்டர்கள், இரண்டுக்கும் மோட்டார் அடியில். போன ஜூலையில் புகுந்த தண்ணீர் மோட்டாருக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து நின்றதாம். இன்னும் இரண்டு அங்குலம் தார் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எழுத்தாளன் தேவையில்லை.

ஆக, இந்தக் கதையில் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவை இரண்டு மோட்டார்கள். அவற்றை நம்பி மாரிசெல்வி, ஐரோலியில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் அவள் கணவன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

2

முதல் தொடக்கம்: "வானம் கருத்தது. மாரிசெல்வியின் நெஞ்சிலும் ஒரு—"

(விட்டுவிட்டேன். மே மாதத்தில் மும்பையில் வானம் கருக்காது, நமக்குத்தான் வியர்க்கும்.)

இரண்டாவது: "தார்ச்சாலை என்பது மனித நாகரிகத்தின்—"

(பஸ்ஸில் படிக்கிறவர் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போய்விடுவார்.)

மூன்றாவது: "காண்ட்ராக்டர் வானமாமலை தன் தங்கச் சங்கிலியைத் தடவியபடி சிரித்தான்."

இது ஓடியது. ஒன்றரைப் பக்கம். அதில் வானமாமலை இரண்டு அங்குலம் என்று சொல்லி ஒரு அங்குலம் போடுகிறான், வெற்றிலையைத் துப்புகிறான், பெண்களை ஒரு மாதிரி பார்க்கிறான். மீசையை வர்ணிப்பதற்காக ஆளை இன்னொருதரம் சரியாகப் பார்த்துவிடலாம் என்று கீழே இறங்கியதுதான் தவறு. மீசையும் இல்லை, சங்கிலியும் இல்லை. எங்கள் செக்ரட்டரி திருவேங்கடத்திடம், தனக்கு வந்த வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிற மாதிரி வாதாடிக்கொண்டிருந்தார். மேலே போட்டால் தாருக்கும் நல்லதில்லை, கடைக்கும் நல்லதில்லை. ஆறு அடுக்கையும் மெஷினால் சுரண்டி எடுத்துவிட்டு, கேட் பக்கம் சாய்வு கொடுத்து ஒரே அடுக்காகப் போட வேண்டும். நாலு நாள் ஆகும். நாலு நாளும் உள்ளே ஒரு வண்டி நிற்கக் கூடாது. சுரண்டாமல் போடுவதானால் ஒரே நாளில் முடியும்.

என் வில்லன் அங்கேயே செத்தான். ஒன்றரைப் பக்கம் வீண்.*

* முழுக்க வீணில்லை. அன்று பள்ளத்தில் நாலாவது அடுக்கிலிருந்து வானமாமலை ஒரு ஸ்கூட்டர் சாவியை நெம்பி எடுத்தார். சப்பையாகிப் போயிருந்தது. திருவேங்கடம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகன் பத்தாவது எழுதிய வருடம் அவர் தொலைத்த சாவியாம். அதற்காக வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறார். ஸ்கூட்டரை விற்றுப் பதினோரு வருடமாகிறது. இருந்தாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போனார்.

3

வில்லன் காலி என்பதால் திருவேங்கடத்தை அந்த இடத்தில் வைக்கலாமா என்று பார்த்தேன். அவரும் ஒத்துவரவில்லை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். சொசைட்டியில் குழாய் கசிந்தாலும் பூனை குட்டி போட்டாலும் அவர் கதவைத்தான் தட்டுவோம். கமிட்டிக் கூட்டத்தில் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. முப்பத்தொரு காரும் நாலு நாள் எங்கே நிற்கும்? தெருவில் விட்டால் டோயிங் வண்டி தூக்கிப் போகும். அதைவிடப் பெரிய விஷயம் மழை.

"பாருங்கோ, மொத்தத்தையும் பேத்துப் போட்டுட்டு நடுவுல மழை பிடிச்சுண்டா, நாலு மாசம் அத்தனை பேரும் சேத்துல நடக்கணும். ஒரு கடைக்காக."

கடைசி இரண்டு சொல்லை மட்டும் அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

கமிட்டியில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மேலேயே போடலாம் என்று முடிவானது.

[இங்கே ஒரு காதல் தேவை என்று தோன்றியது. மாவுக் கடையில் அவள், வாசலில் தார் வாசனையோடு அவர். "அவள் பார்வை அவன் மேல் சூடாக—" மாரிசெல்வியிடமே யோசனை கேட்டேன். "அண்ணாச்சியா? அவரு இங்க வந்த அன்னைலேர்ந்து பேசுனது ஒரே விஷயம்தான் சார், சாய்வு. எங்க வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வந்து சாஞ்சா காலைலதான் எந்திரிப்பாரு. எனக்கு அந்தச் சாய்வே போதும்" என்றாள். காதல் ரத்து.]

4

போன சனிக்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம், இதுவரை எழுதியதை மாரிசெல்விக்குப் படித்துக் காட்டினேன். தாராவியில் பிறந்தவள். பேசுவது அசல் திருநெல்வேலித் தமிழ், படித்தது இந்தி மீடியம். தமிழில் பஸ் போர்டு மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். வில்லனுக்குச் சிரித்தாள். சாவிக்கு "ஐயோ பாவம்" என்றாள். தன் கடை வந்த இடத்தில் மட்டும் கரண்டி நின்றது.

"முடிவானதுன்னு இருக்கே. எத்தன பேரு கை தூக்குனாங்க?"

நான் தாளைப் பார்த்தேன். பார்த்து, படித்தேன்: "நாலு பேர் கை தூக்கினார்கள். எழுத்தாளர் மட்டும் தூக்கவில்லை."

அவள் என் பாத்திரத்தில் அரை கிலோவுக்கு மேல் இன்னொரு கரண்டி மாவு விட்டாள்.

திரும்பினால், எனக்குப் பின்னால் வானமாமலை. ஸ்கேலும் கையுமாக, என் தோளுக்கு மேலே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புவரை நாங்குநேரியில் தமிழில் படித்தவர்.

5

நீங்களும் கண்டுபிடித்திருப்பீர்கள். மேலே மூன்றாம் பகுதியில் அப்படி ஒரு வரி இல்லை. ஏனென்றால் நானும் கை தூக்கினேன்.

பெரிய காரணம் எதுவும் கிடையாது. கூட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. மேலே வீட்டில் ஒரு தொடர்கதையின் அத்தியாயம் பாதியில் கிடந்தது. நாலு நாள் மெஷின் சத்தத்தில் எழுத முடியாது என்று நினைத்தேன். நான் இருப்பது மூன்றாவது மாடி. அங்கே தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை, குழாயில்கூட. கை அதுபாட்டுக்கு மேலே போயிற்று.

வானமாமலை அவள் முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. லிஃப்ட்டுக்கு என்னோடு நடந்து வந்தார்.

"சார், அந்த வரி தாள்ல இல்லையே."

கதையென்றால் அப்படித்தான், படிக்கும்போதே திருத்துவது எங்கள் வழக்கம் என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தார் கொதித்து வருகிற வரையில் பொறுத்துப் பழகியவர்.

"யாரு சொல்லிப் போட்டேம்னு நானும் ஒரு தாள் எழுதி வாங்குவேன் சார். நாளைக்குக் காலைல கொண்டாரேன்" என்றார்.

6

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் என் வீட்டு மணியை அடித்தபோது, மேசையில் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன.

அ) ஏழாவது அடுக்கைப் போடுகிறார்கள். ஜூலையில் தண்ணீர் மோட்டாரைத் தொடுகிறது. மாரிசெல்வி அழுகிறாள். (அவளிடம் சொன்னால், கிரைண்டரைத் தூக்குவாளா அழுவாளா என்று கேட்பாள்.)

ஆ) சுரண்டுகிறார்கள். மூன்றாம் நாளே மழை. நாலு மாதம் சேறு. முப்பத்தொரு குடும்பமும் எழுத்தாளனைப் பெயர் சொல்லித் திட்டுகிறது.

இ) மாரிசெல்வி தன் முயற்சியில் மேடை கட்டி கிரைண்டர்களை மேலே ஏற்றுகிறாள். தன்னம்பிக்கை! (இதையும் அவளிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "மேட மேல வச்சா கல்ல எப்படி சார் கழத்தி மாவு வழிக்க? ஏணில நின்னா?" என்றாள்.)

வானமாமலை ஒரு தாளை நீட்டினார். தமிழில் அவரே எழுதியது. சுரண்டிப் போடுவதா, மேலேயே போடுவதா என்று இரண்டே வரி, வேண்டாததை அடிக்க வேண்டும். அடியில் பெயர், மாடி.

நிலவரத்தை அவர் சொன்னார், நான் சுருக்குகிறேன். கூட்டம் முடிந்த பிறகு, சுரண்டாமல் போட்டால் கடைக்குள் தண்ணீர் போகும் என்று எழுதிக்கொடுத்து, யாராவது பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று கமிட்டியில் என்னைத் தவிர மற்ற நாலு பேரிடமும் போயிருக்கிறார். ஒருவரும் போடவில்லை. திருவேங்கடம் உறவில் ஒரு நிச்சயதார்த்தம் என்று முலுண்ட் போய்விட்டார். அந்தச் சாரே போட்டுடட்டும், அவர் எழுதறவர்தானே, அவர் எதை அடிச்சாலும் எனக்குச் சம்மதம் என்று போனில் சொல்லியிருக்கிறார். ஐரோலிப் பக்கம் தார் கலக்கும் பிளாண்டில் பத்து மணிக்குச் சரக்கை லாரியில் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் சூடு ஆறுமுன் கொட்டியே ஆக வேண்டும், பிறகு பேச்சில்லை. குர்லாவில் முகம்மது ஹனீபின் சுரண்டும் மெஷின் இன்றைக்கு மட்டும் சும்மா நிற்கிறது. நாளையிலிருந்து மழை வரும்வரை அதற்கு வேறு இடத்தில் வேலை.

சொசைட்டி சார்பில் என்று போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"சொசைட்டின்னு எழுதுனா நாளைக்கு நான் ஆரு மூஞ்சியப் போயி பாக்க? தண்ணி உள்ள போச்சுன்னா, வானமாமல போட்ட தாரு சரியில்லம்பாங்க. இந்த வருசந்தான் எம் பேர்ல வேல எடுக்கேன். எம் பேரு இருக்க எடத்துல இன்னொரு ஆளு பேரும் இருக்கணும்லா."

"மாடி எதுக்கு?"

"எப்பவும் கேப்பேன் சார். இதுவரைக்கும் சுரண்டாமப் போடச் சொன்னவன் ஒருத்தன்கூட தரைத்தளம் கெடையாது."

7

தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதைத் தாளையும்தான். மணி ஒன்பது ஐம்பது. கடையில் இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் பகுதியை இந்த முறை உள்ளது உள்ளபடி படித்தேன். ஐந்தாம் பகுதியையும் படித்தேன், கை தூக்கிய இடத்தை விடாமல்.

"தெரியும் சார்" என்றாள் மாரிசெல்வி. "விஜயலக்ஷ்மி மாமி அன்னைக்கே சொல்லிட்டாங்க, அவங்க வீட்டு சாரும் கமிட்டில இருக்காருல்லா, வந்து சொன்னாராம். அஞ்சு பேருமே கை தூக்குனாங்கன்னு."

"பிறகு எதற்கு அந்த ஒரு கரண்டி மாவு?"

"நீங்க படிச்சது நல்லா இருந்துச்சு. எனக்காக ஒரு ஆளாச்சும் தூக்கலங்கறது. கேக்க நல்லாத்தான இருந்துச்சு." ஒரு கிரைண்டரை நிறுத்திக் கல்லைக் கழற்றிவிட்டு, என் கையிலிருந்த வானமாமலையின் தாளைக் காட்டினாள். "அதுல எழுதாத வரிய வாசிச்சீங்க. இதுல எழுதிருங்களேன்."

வானமாமலை கடை வாசலில் நின்றார். ஒரு காதில் பிளாண்ட்காரன் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். ஹனீபின் நம்பரை இன்னொரு போனில் எடுத்து வைத்திருந்தார். என் கையில் பேனா. தலைக்கு மேலே மேகம் எதுவும் இல்லை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இந்த ஊரில் அரை மணி நேரம் போதும்.

இந்த இடத்தில் நான் எந்த வரியை அடித்தேன் என்று எழுதினால், நீங்கள் என்னை மன்னித்துவிட்டோ திட்டிவிட்டோ அடுத்த பக்கம் போவீர்கள். இரண்டுமே உங்களுக்குச் சுலபம். அதனால் சொல்லப் போவதில்லை. நான் செய்ய வேண்டியதை நான் செய்தேன், என் பெயரையும் போட்டேன், புனைபெயர் இல்லை. அதே தாளின் இன்னொரு பிரதி வானமாமலையிடம் இருந்தது. எப்போதும் ஒன்று கூடுதலாக எழுதி வைப்பாராம். அதை வாங்கி உங்களுக்காகக் கீழே ஒட்டியிருக்கிறேன். கமிட்டியில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் போடவும். நாலு நாள்.

சுரண்டாம மேலயே போடவும். ஒரு நாள்.

(வேண்டாததை அடிக்கவும்.)

அடித்தவர் பெயர்: ..............................

எத்தனாவது மாடி: ..............................