சத்தத்தை அணைத்த கை

நீவெஸ் செத்து ஆறு வாரம் ஆகியும் எனக்கு அந்தச் சத்தம் ஓயவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் விரலில் ஒரு கருவி மாட்டுவோம். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ‘டிங்’ என்று ஒலிக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க இறங்க அந்த ஒலியும் இறங்கும். மினிபஸ்ஸில் கேட்டது. சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது கேட்டது. இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு அது கேட்கவே இல்லை. அணைத்தது நான்.

நீவெஸுக்கு முப்பத்தொரு வயது. பித்தப்பையில் கல். எங்கள் மலை ஊரான ஒருரோவின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கறி அடைத்துச் சுட்ட சால்தேனியா விற்பவள். அவளுடைய இரண்டு நீளச் சடைகளும் தியேட்டர் தொப்பிக்குள் அடங்காமல் திமிறின. நான்தான் சுருட்டித் திணித்தேன். “மெதுவா சிஸ்டர், மாவு பிசையற மாதிரி பிசையாதீங்க” என்று சிரித்தாள்.

ஆபரேஷன் பாதியில் சுரங்க விபத்தில் நசுங்கிய ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர்தான். “அஞ்சு நிமிஷம்” என்று பக்கத்து அறைக்கு ஓடினார். சர்ஜன் அரான்சீபியாவுக்கு ஏற்கெனவே எரிச்சல். “அந்த டிங் டிங்கை நிறுத்து பசிலியா, மண்டைய பிளக்குது” என்றார். பழைய எந்திரம். ஒரே பொத்தானில் எல்லா ஒலியும் அடங்கிவிடும். அழுத்தினேன்.

துணிக்கு அடியில் சுவாசக் குழாய் கழன்றது யாருக்கும் தெரியவில்லை. நீவெஸின் விரல் நுனி நீலமாக இருந்ததைப் பார்த்தேன். “டாக்டர்...” என்றேன். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் என் பக்கம் திரும்பின. “கத்தரி” என்றார். இந்தக் குளிரில், இந்த உயரத்தில், எங்கள் ஊரில் யார் விரல்தான் நீலமாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கத்தரியைக் கொடுத்தேன். வெட்டிய இடத்தில் ரத்தம் கறுத்துக் கசிந்தபோதுதான் எல்லோரும் பதறினோம். இதயம் திரும்பவில்லை.

அவள் புருஷன் சத்துர்னீனோவிடம் ‘இதயம் பலவீனம்’ என்று சொன்னார்கள். அது ஒரு வியாழக்கிழமை. அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழனும் அவர் தியேட்டர் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல், நண்பகல் வரை. அரான்சீபியா அந்த நாட்களில் பின்பக்கப் படி வழியாக ஏறினார்.

இரண்டாவது வியாழனே நான் வெடித்துவிட்டேன். நடைக்கூடத்தில், இரண்டு பயிற்சி டாக்டர்கள் பார்க்க, அரான்சீபியாவிடம் “உங்களால ஒரு உசுரு போச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி நடக்கறீங்களே!” என்று கத்தினேன். அவர் முகம் வெளிறியது. “யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?” என்றார். ஒரு வாரம் என்னைச் சலவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். துணி மடித்துக்கொண்டே யோசித்தேன். நான் பேசப் போகவில்லை, கல்லெறியப் போயிருக்கிறேன். என் பங்கு கல்லையும் அவர்மேலேயே எறிந்திருக்கிறேன்.

ஆறாவது வியாழன் காலை, அரான்சீபியா கை கழுவும் இடத்தில் தனியாக நின்றிருந்தார். கழுவி முடித்த கையை மறுபடி கழுவினார். மறுபடியும்.

“டாக்டர், பத்து நிமிஷம் வேணும். கதவ சாத்தட்டுமா?”

“இன்னிக்கு யாரும் வேடிக்கை பாக்க வேண்டாமா?”

“அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பு. நான் என்னப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். பொத்தான அழுத்தினது நான். விரல் நீலமானதப் பாத்தது நான். ஒரு தடவ கூப்பிட்டுட்டு வாய மூடிட்டேன்.”

“ஏன் மூடினே?” குரல் உயர்ந்தது. “முப்பது வருஷ சர்வீஸ் உனக்கு! கத்தியிருக்கலாம்ல? என் கைய தட்டி விட்டிருக்கலாம்ல?”

பதிலுக்கு நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். குழாயில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன்.

“பயம் டாக்டர். உங்க கண்ணப் பாத்து பயம். அத நீங்க தெரிஞ்சுக்கணும்.”

அவர் சுவரில் சாய்ந்தார்.

“நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு பசிலியா,” என்றார். “குரல்லயே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. ஆனாலும் கத்தரிதான் கேட்டேன். இப்ப எந்த மேசைகிட்ட போனாலும் ரெண்டு சடை கீழ தொங்குது. ஆம்பள நோயாளியா இருந்தாலும் தொங்குது. யார்கிட்ட சொல்ல? பைத்தியம்பாங்க.”

“எனக்குச் சத்தம் கேக்குது” என்றேன்.

அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“வெளிய அவரு உக்காந்திருக்காரு,” என்றேன். “ரெண்டு பேருமா போவோம்.”

“வேலை போயிடும். உனக்கும்.”

“தெரியும்.”

முன்வாசல் வழியாகப் போனோம். சத்துர்னீனோ எழுந்திருக்கப் பார்த்தார். அரான்சீபியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை மழுப்பாமல் சொன்னார். சத்தத்தை அணைக்கச் சொன்னது, குழாய் கழன்றது, பொய் சொன்னது. மீதியை நான் சொன்னேன்.

“அவளுக்கு வலிச்சுதா?” என்றார் சத்துர்னீனோ.

“இல்லங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க” என்றேன்.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவ தெனமும் கனவுல வந்து, எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறா. பதில் சொல்லத் தெரியாம முழிக்கறேன்.” பிறகு எழுந்தார். “இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. மன்னிப்பெல்லாம் என்னால முடியாது.”

எழுதிக் கொடுத்தோம். இருவரும் கையெழுத்திட்டோம். விசாரணை நான்கு மாதம் நடந்தது. அரான்சீபியாவுக்கு ஒரு வருடம் கத்தி தொடத் தடை, எனக்கு மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு. மயக்க மருந்துக்கு இரண்டாவது டாக்டரை நியமித்தார்கள். தடை முடிந்தும் அரான்சீபியா தியேட்டருக்குத் திரும்பவில்லை. ஏதோ சுரங்க ஊரின் சிறு மருத்துவமனையில் காய்ச்சலும் இருமலும் பார்ப்பதாகக் கேள்வி.

ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். கார்னிவல் திருவிழா ஒத்திகை நடந்த ஞாயிறு. தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றிருந்தார், இளைத்திருந்தார். என்னைக் கண்டு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். நடுவில் ஊதுகொம்புகளும் முரசுகளுமாக ஒரு வாத்தியக் கூட்டம் நுழைந்தது. அது கடந்து போனபோது அங்கே யாரும் இல்லை.