மை வாங்கப் போன நாள்

இரண்டாவது கடையின் கண்ணாடிக் கதவை அவர் அறைந்து சாத்திய வேகத்தில், அதில் ஒட்டியிருந்த விளம்பரத்தாள் பாதி கிழிந்து தொங்கியது. வேறு கம்பெனி மையும் நன்றாகத்தான் இருக்கும் என்று அந்தக் கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அவள் இரண்டு கைகளிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு கணவரின் பின்னால் ஓடினாள். உள்ளே மைப்புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒன்று உடைந்தாலும் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது. பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊருக்கு அவர் ஹெச்.எம். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து பல வருடமாகியும் அந்தப் பெயரும் போகவில்லை, பிரம்பு பிடித்த கையின் தினவும் போகவில்லை. பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பேனா, ஒரே நீலக்கறுப்பு மை. அந்த மையை இனித் தயாரிக்கப்போவதில்லையாம் என்று பேனா பழுதுபார்க்கிறவர் காலையில் போனில் சொன்னதும், தட்டை அப்படியே தள்ளிவிட்டு, கடைகளில் மிச்சமிருப்பதையெல்லாம் வாங்கிவிடக் கிளம்பிவிட்டார். வேறு மை ஊற்றினால் தன் பேனாவுக்கு வயிற்றுக்கு ஆகாது என்பார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதற்கும் வீட்டில் எல்லோரும் உடனே சிரித்துவிட வேண்டும்.

அந்த மையால் அவர் எழுதியதெல்லாம் புகார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டு நாய் விடியற்காலையில் குரைக்கிறது. மற்ற மையெல்லாம் வெளுத்துவிடும், இது நூறு வருடம் நிற்கும் என்று பெருமையடித்துக்கொள்வார். நூறு வருடம் கழித்து நாய் குரைத்ததை யார் படிக்கப் போகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே கணீரென்று பேசுகிறவள்தான். வீட்டுப் படியேறும்போது குரலைச் செருப்போடு கழற்றி வைத்துவிடுவாள்.

மூன்றாவது கடை ஒடுக்கமானது. நோட்டுக்கட்டுகளுக்கும் வரைதாள் சுருள்களுக்கும் நடுவில் இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இருந்த இரண்டு புட்டிகளைத் துடைத்து மேசைமேல் வைத்தான். ஹெச்.எம். அவற்றைப் பார்க்கவில்லை, மேசைக்கு அடியில் பிரிக்காமல் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டார்.

அது வேறு ஒருவருக்காக எடுத்து வைத்தது, நேற்றே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள் என்றான் அவன். ஹெச்.எம். மேசையின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போய், பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டார்.

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதாடா உனக்கு?"

"தெரியும் சார். உங்ககிட்டதான் படிச்சேன்."

"அப்ப வாங்கின அடி பத்தலை."

முதல் அறையில் அவன் தலை அலமாரியில் இடித்தது. இரண்டாவது அறை அதைவிட பலமாக விழுந்தது. "ஏங்க, வேண்டாங்க," என்று அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவன் திருப்பி அடிக்கவில்லை. ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் குனிந்து நின்றான். அது அவருடைய வெறியை இன்னும் கிளப்பியது. விற்பனைக்கு வைத்திருந்த மர ஸ்கேல் ஒன்றை உருவினார். முதுகில், கழுத்தில், விரல் கணுக்களில் அடித்தார். ஸ்கேலின் விளிம்பு கைகளுக்கிடையே புகுந்து அவன் கண்ணோரத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் அவன் இரண்டு கைகளையும் நீட்டி அவரைத் தள்ளினான்.

அவர் பலகையைத் தாண்டிப் பின்பக்கமாக வந்து விழுந்தார். ஷட்டர் இறங்கும் இரும்புத் தண்டவாளத்தில் தலை மோதியது. இடது கையில் பிடித்திருந்த அட்டைப்பெட்டி கூடவே விழுந்து நொறுங்கியது. வெள்ளைத் தரையில் மை பரவியது. அவருடைய காதிலிருந்து ரத்தத்தோடு தண்ணீர்போல் ஏதோ கசிந்து வருவதைப் பார்த்ததும் மண்டையோடு உடைந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அம்மா, காலைப் பிடிங்கம்மா," என்று அந்தக் கடைக்காரன்தான் முதலில் குனிந்தான். சரக்கு ஏற்றும் தன் வண்டியில் அவரைக் கிடத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

அவன் ஓடிப்போகவில்லை. நடைபாதை பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க மையும் ரத்தமுமாக இருந்தது. கொஞ்சநேரம் கழித்து, "நான் தள்ளிட்டேம்மா," என்றான். அவள் அழுகை வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தாகம்தான் எடுத்தது.

அப்போது மகன் வந்தான், பின்னாலேயே மருமகளும். பெஞ்சில் இருப்பவன் யார் என்று வாசலிலேயே யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வந்த வேகத்தில் கடைக்காரனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைச் சுவரில் மோதினான். கீழே விழுந்தவனை வயிற்றில் உதைத்தான். மறுபடியும் தூக்கி மோதினான். பல்லொன்று தெறித்துத் தள்ளுவண்டியின் அடியில் உருண்டது. காவலாளி ஒருவர், வார்டு ஆட்கள் இருவர் என்று மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் அவனை இழுக்க முடியவில்லை. அடிக்கு நடுவில் அவன் மூச்சு வாங்கிய விதமும், கையை உதறிவிட்டு மறுபடி ஓங்கிய விதமும் அச்சு அசல் அப்பாதான்.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பினாள். நடைபாதையின் கோடியில் மருமகள் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் யாருமே இல்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு அடி விழும்போதும் அங்கே அவளுடைய இடது தோள் காதுவரை ஏறியது. முழங்கை விலாவை மூடியது. எந்த அடி எங்கே விழும் என்று தெரிந்தவள்தான் அப்படி நிற்பாள். மாமியாருக்கு அது தெரியும். முப்பத்தைந்து வருடமாக அவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். வேகாத வெயிலிலும் இந்தப் பெண் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

கடைக்காரனை உள்ளே கொண்டுபோய்க் கிடத்திய பிறகு மகன் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். குழந்தைபோல் அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவன்தான் முதல்ல கை வெச்சான்னு சொல்லும்மா. அப்பா மை கேட்டாரு, அவ்வளவுதான். மீதியை நான் பாத்துக்கறேன்," என்றான். நாத்தனாரும் வந்து சேர்ந்து அதையே சொன்னாள். செத்தவரைப் பற்றி நாலு பேர் நாலுவிதமாகப் பேச விடலாமா, ஊரில் எத்தனை மரியாதையோடு இருந்த மனிதர் என்று அவள் தோளைத் தடவினாள்.

பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை. குளியலறையில் வழுக்கிவிட்டது, அலமாரிக் கதவு இடித்துவிட்டது, பஸ் படியில் கால் தவறிவிட்டது என்று கேட்டவருக்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். சொல்லித் தீர்த்துவிடலாம் என்றுதான் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு எதிரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் அமைதியாகக் கேட்டார். அவளுக்குப் பின்னால் மகன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவரோரம் மருமகள் நின்றாள். மாமியார் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். கடைக்குப் போனது, பெட்டியைப் பார்த்தது வரைக்கும் சொன்னாள். அதற்கு மேல் வாய் நகரவில்லை. இன்ஸ்பெக்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"புருவத்துக்கு மேல அது என்னம்மா, நீலமா? அங்கயும் அடிபட்டுச்சா?"

மச்சம் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். மகனிடமும்.

"மை," என்றாள். "புட்டியால அடிச்சாரு. தையல் போடறதுக்குள்ள மை உள்ள இறங்கிடுச்சு. அப்புறம் போகலை."

"யாரு? கடைக்காரனா?"

"எங்க வீட்டுக்காரரு. இவன் வயித்துல இருந்தப்ப."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் நிறுத்தவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்வதுபோல், அவசரமில்லாமல், அறைந்தது, ஸ்கேலை உருவியது, கண்ணோரம் கிழிந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "அந்தப் பிள்ளை தலையை மூடிக்கிட்டுத்தான் நின்னான். தள்ளலேன்னா அவனுக்குக் கண்ணு போயிருக்கும்," என்று முடித்தாள்.

வெளியே வந்ததும் மகன் காரின் கூரையில் ஓங்கிக் குத்தினான். தகடு குழிந்தது. பெற்ற தாய் செய்கிற காரியமா இது என்று கத்தினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுக்கு அம்மாமேல் கை வைக்க முடியவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீதான சொல்லிக் குடுத்த? வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

மருமகள் காரின் கதவைத் திறக்கப் போனாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ என்கூட இருப்பா."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கட்டும்."

மறுநாள் உடலைக் கொடுத்தார்கள். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். கடைசியாக முகம் பார்த்துவிட்டுச் சிலர் அழுதார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்கள். போலீசில் சொன்னது அதற்குள் பரவியிருந்தது. நாத்தனார் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. கடைக்காரனுக்குக் கண் தப்பித்துவிட்டது, அவன் மேலிருந்த கொலைக் குற்றச்சாட்டை எடுத்துவிடுவார்கள்போல இருக்கிறது என்று வந்தவர்களில் ஒருவர் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அடக்கம் முடிந்து சாயங்காலம் எல்லோரும் கலைந்தார்கள்.

மகன் போகவில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து குடித்தான். பிறகு அப்பாவின் காரிலிருந்த பைகளைக் கொண்டுவந்து, மைப்புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்துச் சுவரில் எறியத் தொடங்கினான். ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. இரண்டு அம்மாவுக்கு என்றால் ஒன்று மனைவிக்கு. அவள் பெயரைச் சொல்லி வெளியே வரச் சொன்னான்.

பெண்கள் இருவரும் பின்னறையில் இருந்தார்கள். மருமகள் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது அசையவில்லை. இந்த அறையைத் தாழிட ஹெச்.எம். ஒருநாளும் விட்டதில்லை, துரு ஏறி இறுகிப்போயிருந்தது.

"வரலியே அத்தை."

மாமியார் குனிந்து தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நீள மூக்குள்ள எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து தாழ்ப்பாளின் இரண்டு முனைகளிலும் சொட்டு சொட்டாக விட்டாள். வெளியே இன்னொரு புட்டி உடைந்தது. மருமகளின் தோள் காதுவரை ஏறி இறங்கியது.

"மேலயும் கீழயும் ஆட்டு. அவசரப்படாத, ஊறட்டும்," என்றாள் மாமியார்.

அவள் ஆட்டினாள். துரு கலந்த எண்ணெய் அவள் விரலில் வழிந்தது. மாமியார் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டாள். தாழ்ப்பாள் ஒரு நெல்லளவு நகர்ந்தது.